புழுதியில் தொடங்கிய படம்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய அண்ணை,

நீங்கள் போய் ஒரு வருசமாகிறது, கார்த்திகையில் உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. அன்று கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், நீயும் ஏதாவது எழுதித் தா என்று மச்சாள், உங்கள் மனைவி, வந்து கேட்டார். மற்றவர்களின் கல்வெட்டுகளில் இருப்பது போல வெண்பாக் கட்ட எனக்கு வராது. அதோடு, உங்களோடு எனக்கு ஒரு சண்டை முடியாமல் கிடக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பாரி எழுதக் கை ஓடவில்லை. ஆகையால் கடிதமாக எழுதுகிறேன். திவசத்துக்கு வருகிற சனம் வாசித்தால் வாசிக்கட்டும்.

இருந்து எழுதுகிறேன் என்றும் சொல்ல முடியாது. நாலு வரி எழுதுகிறேன், எழும்பி வேலிப் படலை வரை போய் வானத்தைப் பார்க்கிறேன், திரும்பி வந்து எழுதியதில் ஒரு வரியை வெட்டுகிறேன். "இவள் கதிரையிலை முள்ளை வைச்சுக்கொண்டு இருக்கிறவள்" என்று சின்ன வயதில் என்னைப் பழிப்பீர்களே, அது இன்னும் மாறவில்லை. இன்று புரட்டாதிக் கடைசிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து குந்தியிருக்கிறேன். மழை இன்னும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களும் வாசிப்பார்கள்.

நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் தோட்டம், துலா, வாய்க்கால், புகையிலைக்கன்று. தண்ணீர் வேண்டுமென்றால் இறைப்போம். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்படிப்பட்ட எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அரசாங்கக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்தோம். உங்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் ஒரே வேலி. நீங்கள் வயலோடு கூட்டுறவுச் சங்கத்து நெற்களஞ்சியத்தையும் பொறுப்பாகப் பார்த்தீர்கள்.

இங்கே வந்துதான் புழுதி விதைப்பு என்றால் என்னவென்று கண்டேன். மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணை உழுது பொடியாக்கி, அந்தப் புழுதிக்குள் விதைநெல்லைப் போட்டு மூடிவிட்டு, மழை வரும் என்று இருப்பது. எனக்கு அது விதைப்பாகவே தெரியவில்லை. நல்ல நெல்லைக் கொண்டுபோய்ப் புதைக்கிற வேலையாகத்தான் தெரிந்தது. முதல் வருசம் ஒரு சின்னத் தூறல் வந்து ஏமாற்றியது. நெல் அதை நம்பி முளைத்தது, பிறகு பத்து நாள் வெயிலில் கருகியது. அடுத்த வருசம் முளைத்ததெல்லாம் வளர்ந்து பூக்கிற நேரத்தில் வெள்ளம் வந்து நின்றது.

போதும் என்று நான்தான் முதலில் சொன்னேன். என் வீட்டுக்காரர் இவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினதும் நான்தான். இவருடைய தமையனின் சுருட்டுக் கொட்டிலில் ஒரு வேலைக்குக் கதைத்துவிட்டு வரப் போனார். நான் தகரப் பெட்டியை இழுத்து வைத்து, பீங்கான் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றி அடுக்கத் தொடங்கினேன். நீங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நாளைக்குக் களஞ்சியத்திலை ஒரு படம் காட்டினம். பொம்பிளையளுக்கு நாளைக்கு, ஆம்பிளையளுக்கு நாளையிண்டைக்கு. போறவள் ஒரு படத்தைப் பாத்திட்டுப் போனா என்ன?" என்றீர்கள்.

"பசளைப் படமோ, நுளம்புப் படமோ?" என்று கேட்டேன். ஊர் ஊராகப் படம் காட்ட வருகிற ஜீப் வழக்கமாகக் கொண்டுவருவது உரம் போடுகிற படமும் காய்ச்சல் பரப்பும் நுளம்பை ஒழிக்கிற படமும்தான்.

"ரெண்டும் இல்லை. என்னெண்டு எனக்கும் சொல்லத் தெரியேல்லை. வந்து பாரன்."

போன வருசம் ஆவணியில் அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. படம் ஓட்டுகிற சலீம் நானாவுக்குப் பொழுதுபட முன்னம் வவுனியாப் பக்கம் திரும்ப வேண்டும். இருண்டால் யானை றோட்டுக்கு வந்துவிடும். ஆகவே பட்டப்பகலில் யன்னல்களுக்குச் சாக்கு அடித்து இருட்டாக்கினோம். ஆணி பிடித்தது நான், அடித்தது நீங்கள், இரண்டு தரம் என் விரலிலும் அடித்தீர்கள். நெல் மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டு நாங்கள் முப்பது நாற்பது பெண்கள் இருந்தோம். சாக்கு ஓட்டைகளால் வெயில் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. வெளியே மின்சார இயந்திரம் இரைந்தது.

படம் தொடங்கியது. வெடித்த நிலம். அதுதான் படம். வெடித்த நிலம், அதன் மேல் புழுதியைச் சுழற்றுகிற காற்று, ஆளில்லாத வீடு ஒன்றில் தானாகத் திறந்து மூடுகிற கதவு. பிறகு சனம் நடந்து போகிறது. எங்கே போகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, இடைக்கிடை ஏதோ ஒரு நரம்பு வாத்தியம் மட்டும் முனகியது.

பக்கத்து வளவுப் பொன்னம்மாக்கா என் காதுக்குள் கேட்டார்: "பிள்ளை, இதிலை ஆர் கதாநாயகன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பேச்சும் இல்லை மூச்சும் இல்லை. மிசின் பழுதோ?"

பின்னால் இருந்து உங்கள் குரல் வந்தது. "மிசின் நல்லாத்தான் இருக்கு. நீங்கள் வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு பாருங்கோ."

முதல் பெட்டிச் சுருள் முடிகிற நேரம் நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். வெளிச்சத்துக்கு முன்னால் கையை நீட்டினீர்கள். திரை முழுக்க உங்கள் ஐந்து விரலும் கறுப்பாக விழுந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த மனுசனுக்கு எந்த நேரமும் பகிடிதான் என்று நினைத்தேன். அந்தக் கையை மறக்க வேண்டாம், திரும்பவும் அதுக்கு வருவேன்.

அடுத்த பெட்டியில் கடலும் புயலும் மழையும். அதற்கடுத்ததில் மலையில் ஒரு ஊற்று, அது ஓடி ஆறாகிறது. ஒரு மாடு தண்ணீர் குடிக்கிறது. குடிக்கிறது, குடிக்கிறது, நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறது, திரும்பவும் குனிந்து குடிக்கிறது. மாடு தண்ணீர் குடிப்பதைத் தினமும் பார்க்கிறவள்தானே நான்? ஆனால் ஒரு நாளும் கடைசி வரை பார்த்ததில்லை. அரைவாசியில் வேறு வேலைக்குப் போய்விடுவேன். பிறகு புல்வெளியில் காற்று. அவ்வளவு நேரம் அதைக் காட்டினார்கள், சனம் முதலில் நெளிந்தது, பிறகு கதைத்தது, பிறகு கதைக்கிறதை விட்டுவிட்டது. பொன்னம்மாக்காவின் வாயே மூடிவிட்டது என்றால் பாருங்கள்.

கடைசிப் பெட்டி முழுக்கக் கைகள். வலை பின்னுகிற கை, மாக் குழைக்கிற கை, நாற்று நடுகிற கை, கதிர் அறுக்கிற கை. முடிவில் ஒரு பெண் சுளகில் தானியம் புடைக்கிறாள். உமி முகத்தில் பறக்கிறது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதோடு படம் நின்றது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் அண்ணை. முதல் பெட்டியில், புழுதிக்குள்ளால் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனவள் அவள்தான். இடது காலைச் சற்று வெளியே வைத்து நடக்கிற நடையில் பிடித்துவிட்டேன். போனவள் திரும்பி வந்திருக்கிறாள்! மண் வெடித்தது, அவள் போனாள், மழை பெய்தது, ஆறு ஓடியது, அவள் திரும்பி வந்து சுளகைக் கையில் எடுத்தாள். ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, நானே கண்டேன். ஒரு இடத்தில் இருக்கத் தெரியாத நான் அன்றைக்கு அசையாமல் இருந்தேன். கால் விறைத்ததுகூடத் தெரியவில்லை. வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் கூசியது, எனக்கு அழுகை வந்தது. நீங்கள் சாக்குகளைக் கழற்றிக்கொண்டு நின்றீர்கள்.

வீட்டுக்குப் போய்ப் பீங்கான்களின் வைக்கோலைக் கழற்றினேன்.

இவர் யாழ்ப்பாணத்தால் வந்து இறங்கியதும் வீட்டில் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். வேலிக்கு அங்கால் நின்று முழுக்கக் கேட்டிருப்பீர்கள். "உம்மடை படத்துக்காக நான் இஞ்சை கிடந்து காயோணுமோ? அங்கை வேலை சரிக்கட்டிப்போட்டு வந்திருக்கிறன்" என்று இவர் கத்தினார். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஒரு தரம் இல்லை, பத்துத் தரம் சொன்னேன். கடைசியில் என் வாய்க்குப் பயந்து இவர் விதைத்தார்.

அந்த முறை மழை தவறவில்லை. ஆனால் நீங்கள் தவறிவிட்டீர்கள். ஐப்பசியில் செங்கமாரி பிடித்துக் கண் மஞ்சளாகியது. கார்த்திகையில் பயிர் முழங்கால் அளவுக்குப் பச்சையாக நிற்க உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். மாசியில் வெட்டினோம், நல்ல விளைச்சல். முதல் சுளகு நெல்லை வேலிக்கு மேலால் மச்சாளிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கலாம். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

கொஞ்சம் பொறுங்கள், மேற்குப் பக்கம் இருண்டு வருகிற மாதிரி இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றும் இல்லை. யாரோ பற்றைக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள், அந்தப் புகை.

இனி இந்த வருசக் கதைக்கு வருகிறேன். குளத்தில் தண்ணீர் இறங்கிச் சிறுபோக விதைப்பே இல்லாமல் போனது. இரணைமடுக் குளத்தின் அடிமண் தெரிகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். ஆடியில் இவர் ஒரு உழவு உழுது போட்டார், பிறகு வயல் பக்கமே போகவில்லை. தமையனிடமிருந்து திரும்பவும் கடிதம் வந்தது. "கொண்ணையும் இல்லை. ஆரோடை நாங்கள் இஞ்சை இருக்கிறது?" என்று இவர் உங்களைச் சொல்லிக் கேட்டார். சத்தம் போடாமல் கேட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தீபாவளிக்கு முன்னம் போய்விடுவோம் என்றார். விதைநெல்லைக் குத்தி அரிசியாக்கிக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார். விதைநெல் மூட்டையின் மேல் போர்வையை மடித்து வைத்து, அதன் மேல் சாமிப் படத்தை வைத்தேன். குத்துவதென்றால் சாமியைத் தூக்கிவிட்டுக் குத்தட்டும்.

அந்த நேரத்தில்தான் ஜீப் திரும்பவும் வந்தது, அதே படத்தோடு. எனக்குத் தலைகால் தெரியவில்லை. இந்த முறை இவரையும் பார்க்க வைக்கலாம் அல்லவா? என் வாயால் பத்துத் தரம் சொன்னதை இவர் தன் கண்ணால் ஒரு தரம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆம்பிளைகளுக்கு ஞாயிறு. பெண்களுக்குச் சனி, வழக்கம் போல. நான் சனிக்கிழமை மத்தியானமே போய் முன்னுக்குப் பாய் போட்டு இருந்தேன்.

படம் தொடங்கியது. மலையில் ஊற்று. நான் நிமிர்ந்து இருந்தேன். ஆறு, மாடு, புல்வெளி. பிறகு கைகள். அவள் சுளகோடு வந்து சிரித்தாள். பிறகு கடலும் புயலும். கடைசியாக வெடித்த நிலம், கதவு, நடந்து போகிற சனம். அவள் பானையைத் தூக்கிக்கொண்டு இடது காலை வெளியே வைத்து நடந்து போய்ச் சிறிதாகி மறைந்தாள். திரையில் ஆங்கிலத்தில் முடிவு என்று எழுத்து விழுந்தது. சாக்குகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பாயிலிருந்து பாய்ந்து எழும்பினேன். "நானா, பெட்டியள் மாறிப்போச்சு! பிழையாப் போட்டிட்டியள்!"

சலீம் நானா சுருளைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இல்லைத் தங்கச்சி. இப்பதான் சரி. போன வருசந்தான் மாறினது."

"ஆர் மாத்தினது?"

அவர் தகரப் பெட்டிகளைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் அச்சடித்த இலக்கம். மூடியின் மேல் சோற்றுப் பசையால் ஒட்டிய கடதாசித் துண்டு, அதில் உங்கள் கையெழுத்தில் வேறு இலக்கம். நாலாம் பெட்டிக்கு நீங்கள் ஒன்று என்று போட்டிருந்தீர்கள். சங்கத்து மூட்டைகளில் எழுதுவது போலவே சுழித்து, அடியில் ஒரு கோடும் இழுத்து.

"நான் அப்பவே சொன்னனான், ஐயா ஒழுங்கு மாறுது எண்டு. அவர் கேக்கேல்லை. படம் எடுத்தவங்களுக்கு வருசம் எங்கை தொடங்குதெண்டு தெரியாது, புழுதியிலைதான் தொடங்கோணும் எண்டார். நாலாம் பெட்டி முடியேக்கை முற்றும் எண்டு விழும், அதுக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டன். அதை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டார்."

அந்தக் கை! பகிடி என்று நான் சிரித்த அந்தக் கை, முடிவு என்ற எழுத்தை எங்களுக்கு மறைத்திருக்கிறது.

"சரி, அந்த மனுசி? அவ திரும்பி வரேல்லையோ?"

"எந்த மனுசி?"

நான் விளக்கினேன். நானா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "பானையோடை போறவ ஒரு தேசம், சுளகோடை நிக்கிறவ வேறை தேசம் தங்கச்சி. படத்தோடை வந்த கடதாசியிலை இருக்கு."

எப்படி வீட்டுக்கு வந்தேனோ தெரியாது. குசினிக்குள் போனேன், வெளியே வந்தேன், கோழிக்கு இரண்டாம் தரம் தீன் போட்டேன். ஒரு வருசமாக நான் காவிக்கொண்டு திரிந்த பெண் இல்லவே இல்லை. கதை இல்லாத படத்துக்கு நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கதை கட்டியிருக்கிறோம். நீங்கள் பெட்டியை மாற்றினீர்கள், நான் இரண்டு பேரை ஒருத்தியாக்கினேன். அதை நம்பி ஒரு குடும்பம் ஒரு வருசம் இங்கே இருந்திருக்கிறது. மழை பொய்த்திருந்தால்? முதல் வருசம் போலக் கருகியிருந்தால்? அப்போது என்ன சொல்லியிருப்பீர்கள்? என்னோடு ஒரு வார்த்தை கதைத்திருக்கலாமே. "போகாதை" என்று வாயைத் திறந்து சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்?

வேலியடியில் நின்று மச்சாளைக் கூப்பிட்டேன். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "சோத்துப் பசை கிண்டித் தா எண்டு கேட்டவர். என்னத்துக்கெண்டு கேட்டன். சொல்லேல்லை. தனக்குள்ளை சிரிச்சுக்கொண்டு போனவர்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் கேட்டதே பிழை.

எனக்காகத்தான் மாற்றினீர்களா? அல்லது உண்மையாகவே வருசம் புழுதியில் தொடங்க வேண்டும் என்று, மூட்டையில் பிழையாகப் போட்ட இலக்கத்தைத் திருத்துவது போலத் திருத்தினீர்களா? சலீம் நானாவுக்கு ஒன்று சொன்னீர்கள், மச்சாளுக்கு ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு விரல்களின் நிழலைக் காட்டினீர்கள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த நாள் ஞாயிறு. சாக்கு அடிக்க ஆள் வேண்டும் என்ற சாட்டில் நானும் களஞ்சியத்துக்குப் போனேன். இவர் வந்து மூட்டை ஒன்றில் சாய்ந்துகொண்டு இருந்தார். "உம்மடை படத்தைப் பாத்தே விடுவம்" என்று சொல்லித்தான் வந்தார். சலீம் நானா பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இண்டைக்கு எப்பிடிப் போடுறது? கொண்ணர் ஒட்டினபடியோ, உள்ளபடியோ? நீங்கள் சொல்லுங்கோ."

இவரை இருக்க வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை அண்ணை. உங்கள் இலக்கப்படி போட்டு, ஒரு கையை நீட்டினால் போதும். என் கை அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. ஆனால் முதல் நாள் பின்னேரம் முழுக்க நான் பட்ட பாட்டை நினைத்தேன். நாளைக்கு மழை பொய்த்தால் இவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

"உள்ளபடியே போடுங்கோ நானா" என்றேன். சொல்லும்போதே எல்லாம் முடிந்தது, இனிப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆம்பிளைகள் படம் பார்க்கிற விதமே வேறு. மாடு தண்ணீர் குடித்தபோது அதற்கு என்ன வயது என்று தர்க்கப்பட்டார்கள். புல்வெளிக் காற்றில் இரண்டு பேர் நித்திரை. சுளகோடு அவள் வந்தபோது நான் இவருடைய தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. புயல் வந்தது, போனது. பிறகு கடைசிப் பெட்டி. வெடித்த நிலம், கதவு, காற்று. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். பானையோடு அவள் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புழுதி எழும்பி நிலம் முழுக்கப் பரவியது.

என் கை தானாக எழும்பியது. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரை போய்விட்டது. பிடித்து இறக்கினேன். முடிவு என்ற எழுத்து முழுதாக விழுந்தது.

ஒருவரும் எழும்பவில்லை. முதலில் கேட்டது இவருடைய குரல்.

"மண் நல்லாப் பொடிஞ்சு கிடக்கு. உதுக்கை இப்ப விதைக்காமல் இவங்கள் எங்கை போறாங்கள்?"

"ஓம், அதுதான் நானும் பாக்கிறன்" என்று இன்னொருவர் எழும்பினார். "ஒரு மறு உழவு உழுதாக் காணும். விசரங்கள், விட்டிட்டுப் போறாங்கள்."

"உதுக்கு மொட்டைக்கறுப்பன் நெல்தான் சரி."

"மொட்டைக்கறுப்பனோ? உந்த நிலத்துக்கோ? நீ விதைச்ச கிழிசல் எனக்குத் தெரியாதே!"

களஞ்சியத்துக்குள் ஒரே சத்தம். யாரோ ஒரு தூர தேசத்தின் செத்த நிலத்தில் எங்கள் ஆட்கள் நின்று என்ன நெல் போடலாம் என்று சண்டை பிடித்தார்கள். இவர் எல்லாருக்கும் மேலால் கையை ஆட்டிக் கதைத்தார். உங்களுக்குப் பிறகு இவர் இப்படிக் கதைத்து நான் பார்க்கவில்லை. சலீம் நானா என்னைப் பார்த்தார், நான் சாக்கைக் கழற்றுகிற சாட்டில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் இவர் திரும்பாமல் வயலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஆடியில் உழுது போட்ட மண்ணில் ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நெரித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

"இஞ்சாரும், கொண்ணையின்ரை மாட்டுச் சோடியை மச்சாள் ரெண்டு நாளைக்குத் தருவாவோ?"

"கேட்டாத் தருவா. என்னத்துக்கு?"

"பின்னை என்னத்துக்கு? அந்தச் சாமிப் படத்தை மூட்டையிலையிருந்து எடுத்து வையும்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். போன வருசம் நீங்கள் பெட்டிகளை மாற்றியது, எழுத்தைக் கையால் மறைத்தது, அந்தப் பெண் இரண்டு பேர் என்பது, எல்லாம் சொன்னேன். கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். இவர் கையில் இருந்த புழுதியைத் தட்டினார்.

"பெட்டியை மாத்தினவரோ? கொண்ணை ஏன் சும்மா மினக்கெட்டவர்?"

அவ்வளவுதான் அண்ணை. நீங்கள் பசை கிண்டுவித்து, இலக்கம் எழுதி, விரலை நீட்டிச் செய்த அத்தனை வேலைக்கும் உங்கள் மச்சானின் மறுமொழி அதுதான். கேட்டிருந்தால் நீங்களே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்கும் உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மற்றப் பாதி இருக்கிறது, இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை விதைத்தோம். இன்றோடு பதினொரு நாள். நெல் புழுதிக்குள் கிடக்கிறது. எறும்பு கொஞ்சம் இழுக்கிறது, புறா கொஞ்சம் பொறுக்குகிறது. காலையில் இவர் போய்க் கிளறிப் பார்க்கிறார், பத்து மணிக்கு நான் போய்க் கிளறிப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடக்கிறோம். மழை வருமா? சின்னத் தூறலாக வந்து திரும்பவும் ஏமாற்றுமா? எனக்குத் தெரியாது. இந்த முறை எனக்கு மழையைக் காட்டித் தர ஒரு படமும் இல்லை. இருந்தும் தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

சலீம் நானா போகும்போது நாலாம் பெட்டி மூடியில் இருந்த உங்கள் கடதாசியை உரித்து என்னிடம் தந்தார். அலுமாரிக்குள் வைத்திருந்தேன், நேற்று எடுத்துப் பார்த்தால் பின்பக்கப் பசையை எறும்பு தின்றுவிட்டது. உங்கள் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது, அடியில் இழுத்த கோட்டோடு.

அடுத்த வருசத் திவசத்துக்கு உங்களுக்குப் படைக்கிற சோறு இந்தப் புழுதியில் விளைந்த நெல்லில்தான் வரும். இது என் வாக்கு. விளையாமல் போனால் வேறு அரிசியை வாங்கிப் படைத்துவிட்டு நம்முடையது என்று சொல்ல மாட்டேன். விளையவில்லை அண்ணை என்று வெறும் இலையோடு வந்து சொல்வேன், முகத்துக்கு முன்னால் கையை வைக்காமல்.

வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்து வைக்கிறேன். இன்னும் இல்லை.

அதே வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
உங்கள் பாதிக் கோபக்காரத் தங்கச்சி.